லெக்சரைத் தாண்டி: மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்குக் கற்பித்தலிலும் மென்டாரிங்கிலும் என்னென்ன வாய்ப்புகள்?

புதுவாத்தியார்:

வணக்கம். பொது மருத்துவத் துறையில் புதிதாக உதவிப் பேராசிரியர் ஆன ஒருவருக்கு, அட்டவணையில் போட்டுத் தரும் லெக்சரையும் வார்டு போஸ்டிங்கையும் தவிர வேறு என்னென்ன கற்பித்தல் வேலைகள் இருக்கின்றன? வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் கூடுதலாக ஒதுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் முதலில் இறங்குவது? மென்டார் (வழிகாட்டி) என்று பெயர் போட்டுக்கொண்டால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்? பதவி உயர்வு நேரத்தில் இதையெல்லாம் எப்படிக் காட்டுவது? ஆய்வுக் கட்டுரையை எண்ணிவிடலாம், கற்பித்ததை எதை வைத்து எண்ணுவது?

பொத்தாம்பொதுவான அறிவுரை வேண்டாம். எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், எங்கே சொதப்பும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டுக்காரர்:

ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஹார்டனும் ஜாய் கிராஸ்பியும் 2000-இல் மருத்துவ ஆசிரியருக்கு 12 பாத்திரங்கள் என்று பிரித்து எழுதினார்கள். லெக்சர் அதில் ஒன்றே ஒன்று. நோயாளி அருகே கற்பிப்பது, சிறு குழுவை வழிநடத்துவது, மாணவரை மதிப்பிடுவது, பாடத்திட்டம் வகுப்பது, கற்றல் பொருள் தயாரிப்பது, மென்டாராக இருப்பது என்று மற்றவை போகும். பட்டியல் நீளம்தான், ஆனால் புதிதாக வருபவர் தலையில் பெரும்பாலும் கட்டப்படுவது இன்னும் இரண்டு லெக்சர். அதைத்தான் முதலில் தவிர்க்கப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரப் புது லெக்சரை ஒழுங்காகத் தயாரிக்க ஆறேழு மணி நேரம் போய்விடும். அதே நேரத்தில் மூன்று பெட்சைட் கிளினிக்கை உருப்படியாக எடுக்கலாம்.

என் சிபாரிசு: முதல் வருடம் பெட்சைட் கற்பித்தல், ஏதாவது ஒரு தேர்வு வேலை, ஒரு சிறிய மென்டார் குழு. பாடத்திட்டக் கமிட்டியை இரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள். தேர்வும் வகுப்பும் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அங்கே உட்கார்ந்தால் கூட்டக் குறிப்பு எழுதும் வேலைதான் கிடைக்கும்.

பெட்சைட் கிளினிக் என்றால் ரவுண்ட்ஸில் பின்னால் 15 பேரை இழுத்துக்கொண்டு போவதல்ல. ஒரு நோயாளிக்கு ஐந்தாறு மாணவர்தான். மொத்தம் அரை மணி நேரம் போதும். வார்டுக்கு வெளியே ஐந்து நிமிடம்: இன்று எதைப் பார்க்கப் போகிறோம், யார் பரிசோதிப்பார், மற்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும். நோயாளி அருகே 15 நிமிடம். மறுபடி வெளியே பத்து நிமிடம். ஒரு நாளைக்கு ஒரே நோக்கம். கழுத்துச் சிரை அழுத்தம் பார்ப்பது என்றால் அது மட்டும். முழு இதயப் பரிசோதனையையும் ஒரே அமர்வில் அடக்கப் பார்த்தால், கடைசியில் ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவர் தலையாட்டுவார்.

நோயாளியிடம் முன்கூட்டியே, மாணவர்கள் இல்லாதபோது, அனுமதி கேட்க வேண்டும். கூட்டத்தைக் கூட்டி வந்து நிறுத்திவிட்டுக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள், அது அனுமதியும் ஆகாது. புற்றுநோயாக இருக்குமோ என்கிற மாதிரியான விவாதத்தை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது நோயாளிக்கு அவர் மொழியில் இரண்டு வாக்கியம் விளக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். பாதி கேட்டுப் பயந்துபோகிறவர்கள் நிறைய.

கேள்வி கேட்டால் மூன்று நொடியாவது வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடியில் தாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம். இன்னொன்று: கேள்வியை எல்லோருக்கும் கேட்டு, இடைவெளி விட்டு, பிறகு பெயர் சொல்லுங்கள். முதலிலேயே பெயரைச் சொன்னால் மற்ற ஐந்து பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கேள்வித்தாள்:

தேர்வு வேலைக்குப் போங்கள் என்று வார்டுக்காரர் சொன்னதை வழிமொழிகிறேன். ஆள் கிடைக்காத இடம் அதுதான், அதனால் புதியவருக்குக் கதவு சட்டென்று திறக்கும். இரண்டு வகை உண்டு.

முதலாவது கேள்வி வங்கி. ஒற்றைச் சரிவிடை எம்சிக்யூ (விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) எழுதுவது தனித் திறமை. நோயாளியின் வயது, பாலினம், வந்த காரணம், எத்தனை நாளாக, பரிசோதனையில் கண்டது, சோதனை முடிவு என்ற வரிசையில் கேஸ் வர வேண்டும். கடைசியில் ஒரே கேள்வி. விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியைப் படியுங்கள். விடை மனதில் தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால் அது 'கீழ்க்கண்டவற்றில் எது உண்மை' ரகம், தூக்கிப் போடுங்கள். 'மேற்கண்ட அனைத்தும்' வேண்டாம். சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருப்பது மிகப் பொதுவான குற்றம். படிக்காத மாணவன்கூட அதைத்தான் தேர்ந்தெடுப்பான். நான்கைந்து விடைகளை வம்பாகக் கூட்டுவதைவிட மூன்று நல்ல விடைகள் மேல். தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தொடாத தவறான விடை அங்கே இருந்து பயனில்லை.

தேர்வு முடிந்ததும் அலசல் செய்ய வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை, எக்செல் போதும். 100 பேர் எழுதினால் மொத்த மதிப்பெண்ணில் முதல் 27 பேரையும் கடைசி 27 பேரையும் பிரியுங்கள். ஒரு கேள்விக்கு மேல் குழுவில் 22 பேரும் கீழ்க் குழுவில் 9 பேரும் சரியாகச் சொன்னால், பாகுபடுத்தும் குறியீடு (நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் கேள்வி எவ்வளவு பிரிக்கிறது என்ற அளவு) 22-லிருந்து 9 கழித்து 27-ஆல் வகுத்தால் 0.48. அருமையான கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் திரும்பப் பாருங்கள். எதிர்மறையாக வந்தால் மாணவரைத் திட்டுவதற்கு முன் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் தப்பு அங்கேதான் இருக்கும். ஒரு நல்ல கேள்வி எழுத அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மாதம் நான்கு எழுதினால் போதும், வருடத்தில் 48. எந்தத் துறையும் இதை வேண்டாம் என்று சொல்லாது.

இரண்டாவது ஆஸ்கி (OSCE): மாணவர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவத் திறமையைச் செய்து காட்டும் தேர்வு. 1975-இல் ஹார்டன் குழு வெளியிட்ட முறை, இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. கணக்கைப் பாருங்கள்: 10 ஸ்டேஷன், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம், மாற 2 நிமிடம். ஒரு சுற்றுக்கு 100 நிமிடம், 10 மாணவர். 60 மாணவர் என்றால் ஆறு சுற்று, அதாவது 10 மணி நேரம். இரண்டு இணைத் தடங்கள் போட்டால் 5 மணி நேரம், ஆனால் 20 தேர்வாளர் வேண்டும். அதனால்தான் ஆள் தேடுகிறார்கள். தேர்வாளராகப் போவது ஒரு நாள் வேலை. ஸ்டேஷன் எழுதுவதற்கு மொத்தம் நான்கைந்து மணி நேரம் வையுங்கள்.

ஸ்டேஷன் எழுதும்போது ஐந்து தாள்கள் தயாராக வேண்டும்: கதவில் ஒட்டும் மாணவருக்கான குறிப்பு, நடிக்கும் நோயாளிக்கான கதை, தேர்வாளருக்கான குறிப்பு, மதிப்பெண் தாள், தேவையான பொருட்களின் பட்டியல். கடைசித் தாளை எல்லோரும் மறப்பார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் ஸ்டேஷனில் கையில் சுற்றும் கஃப் ஒரே அளவில் ஒன்றுதான் இருந்தால், சரியான அளவைத் தேர்ந்தெடுத்தாரா என்ற வரிக்கு எப்படி மதிப்பெண் போடுவது? நடிக்கும் நோயாளியின் கதையில், மாணவர் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது எது, தானாகவே சொல்லலாம் என்பது எது என்று பிரித்து எழுதாவிட்டால், காலையில் வந்த மாணவருக்கும் மதியம் வந்தவருக்கும் வேறு வேறு தேர்வாகிவிடும்.

மதிப்பெண் தாளில் 30 வரி டிக் போடும் பட்டியல் வேண்டாம். இயந்திரம் மாதிரி எல்லாவற்றையும் கேட்கும் கத்துக்குட்டிக்கு அதில் அதிகம் கிடைக்கும், நேராக விஷயத்துக்கு வரும் நல்ல மாணவருக்குக் குறையும். 10 முதல் 15 வரி, கூடவே மொத்த மதிப்பீடு ஒன்று: தேறவில்லை, எல்லைக்கோடு, தேறினார், மிக நன்று. இந்த மொத்த மதிப்பீடு வெறும் அலங்காரமல்ல. அதை எக்ஸ் அச்சிலும் பட்டியல் மதிப்பெண்ணை ஒய் அச்சிலும் வைத்து நேர்கோடு போட்டு, எல்லைக்கோடு என்ற இடத்தில் வரும் மதிப்பெண்ணைத் தேர்ச்சிப் புள்ளியாக எடுக்கலாம். எல்லா ஸ்டேஷனுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 50 சதவீதம் என்பதைவிட இது நியாயம்.

தேர்வாளர் செய்யும் பெரிய தப்பு ஒன்று: நடுவில் கற்பிக்க ஆரம்பிப்பது. 'அப்புறம் என்ன பார்ப்பீர்கள்?' என்று ஒருவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குச் சும்மா இருந்தால் போச்சு. காலையில் தேர்வாளர்கள் எல்லோரும் ஒரே மாணவரின் வீடியோவைப் பார்த்துத் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிட 20 நிமிடம் ஒதுக்குங்கள். அதோடு, ஒரு ஸ்டேஷனில் இரண்டு தேர்வாளர் உட்காருவதைவிட, ஒவ்வொருவராகப் பிரிந்து ஸ்டேஷன் எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் நம்பகத்தன்மையை அதிகம் உயர்த்தும்.

புதுவாத்தியார்:

இருவருக்கும் நன்றி. ஒரு குறுக்குக் கேள்வி. நெரிசலான ஓபியில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. அங்கே ஹவுஸ் சர்ஜனுக்கு எதையாவது சொல்லித்தர முடியுமா, அல்லது அந்த நேரத்தைக் கணக்கிலேயே எடுக்கக் கூடாதா? செய்முறை பழகும் ஸ்கில்ஸ் லேபிலும் ஆள் கேட்கிறார்கள்.

நாலுபடி:

முடியும். 1992-இல் வெளியான ஐந்து படி முறை இதற்கென்றே வந்தது, ஒரு நிமிடக் கற்பித்தல் என்று பெயர் பெற்றது. ஹவுஸ் சர்ஜன் கேஸைச் சொன்னதும் நீங்கள் நோயறிதலைச் சொல்லாதீர்கள். 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று ஒரு முடிவுக்கு வர வையுங்கள். 'ஏன் அப்படி?' என்று கேளுங்கள். பொதுவாகப் பொருந்தும் ஒரே ஒரு விதியைச் சொல்லுங்கள். சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தப்பைத் திருத்துங்கள். முதல் இரண்டு கேள்விக்கு 40 நொடி போனால் அதிகம். ஆனால் நீங்களே விடை சொல்லிவிட்டால் அவருக்கு எது தெரியாது என்பது உங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

மூன்றாவது படியில்தான் பலரும் வழுக்குவார்கள். ஒரு விதி என்றால் ஒரே விதி. தலைவலி கேஸில் 'ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி என்றால் டெம்போரல் தமனி அழற்சியை நினை' என்பதோடு நிறுத்துங்கள். அங்கிருந்து தலைவலியின் வகைப்பாட்டுக்குப் போனால் வரிசை வாசல் வரை போய்விடும். நான்காவது படியில் 'குட்' என்பது ஃபீட்பேக் அல்ல. 'பார்வை மங்கியதா என்று தானாகவே கேட்டீர்கள், அது முக்கியம்' என்பது ஃபீட்பேக்.

பிஜி (முதுநிலை) மாணவர் என்றால் வேலையை அவர்களிடமே தள்ளலாம். ஸ்னாப்ஸ் என்ற முறையில் மாணவரே கேஸைச் சுருக்கி, இரண்டு மூன்று சாத்தியங்களைச் சொல்லி, அவற்றை ஒப்பிட்டு, தெரியாததை உங்களிடம் கேட்டு, திட்டம் சொல்லி, வீட்டில் படிக்க ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுப்பார். நீங்கள் பதில் மட்டும் சொல்லலாம். முதல் வாரம் ஒருமுறை செய்து காட்டினால் பிறகு தானாக ஓடும்.

ஓபி முழுக்க இதைச் செய்யத் தேவையில்லை. காலையிலேயே மூன்று நோயாளிகளைக் கற்பிக்கும் கேஸ் என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றவை சேவைக்கு.

ஸ்கில்ஸ் லேபுக்குப் பெய்டனின் நான்கு படிகள். ஒன்று, பேசாமல் நிஜ வேகத்தில் செய்து காட்டுவது. இரண்டு, ஒவ்வொரு அசைவையும் விளக்கிக்கொண்டே செய்வது. மூன்று, மாணவர் வாயால் சொல்ல நீங்கள் செய்வது. நான்கு, மாணவர் சொல்லிக்கொண்டே செய்வது. நேரமில்லை என்று மூன்றாவதை வெட்டுவார்கள், அதைத்தான் வெட்டக் கூடாது. கையை வைப்பதற்கு முன் மாணவர் மனதில் வரிசை சரியாக இருக்கிறதா என்று தெரிவது அந்தப் படியில் மட்டும்தான். அவர் தப்பாகச் சொன்னால் செய்யாமல் நிறுத்துங்கள்.

கைபழகியவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: பாதி அசைவுகள் நம் கவனத்துக்கே வராது. முதுகுத்தண்டு நீர் எடுப்பதைச் சொல்லித்தருகிறவர் 'ஊசியை உள்ளே செலுத்துங்கள்' என்பார். தொப்புளை நோக்கிச் சாய்ப்பதையும், நடுவில் ஸ்டைலட்டை (ஊசிக்குள் இருக்கும் கம்பி) எடுத்துப் பார்ப்பதையும், ஊசியை வெளியே இழுக்கும் முன் ஸ்டைலட்டைத் திரும்பப் போடுவதையும் சொல்ல விட்டுவிடுவார். வகுப்புக்கு முன் ஒரு ஹவுஸ் சர்ஜனைப் பக்கத்தில் வைத்துச் செய்து, அவரை ஒவ்வோர் அசைவையும் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் பாடக்குறிப்பு. ஒரு மெனிக்வினுக்கு (பயிற்சிப் பொம்மை) நான்கு பேருக்கு மேல் வேண்டாம்.

மென்டார்மேசை:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பட்டியலில் 20 பெயரைப் போட்டு வருடத்துக்கு ஒரு கூட்டமும் ஒரு குரூப் போட்டோவும் எடுத்தால் அது மென்டாரிங் இல்லை. தொடக்கத்தில் ஆறு மாணவர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மாதம் 30 நிமிடம் என்றால் மாதம் மூன்று மணி நேரம், குறிப்பு எழுத ஒரு மணி நேரம். உங்கள் நேரத்துக்கு இது அடங்கும்.

முதல் சந்திப்புக்கு 45 நிமிடம். அதில் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். பேச வேண்டியவை: எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பது, யார் தேதி குறிப்பது (மாணவர்தான்), வாட்ஸ்அப்பில் எத்தனை மணி வரை, எது நமக்குள் இருக்கும், எது இருக்காது. இந்தக் கடைசி விஷயத்தை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், நோயாளி பாதுகாப்பு என்றால், துன்புறுத்தல் புகார் என்றால், ரகசியமாக வைக்க முடியாது. ஒரு மாணவர் அழுதுகொண்டே சொல்லி முடித்த பிறகு 'இதை மேலே சொல்லியாக வேண்டும்' என்றால் நம்பிக்கை அன்றோடு போச்சு.

அடுத்த சந்திப்புகளுக்கு மாணவர் இரண்டு நாள் முன்பே மூன்று வரி அனுப்ப வேண்டும்: போன முறை ஒப்புக்கொண்டது என்ன ஆயிற்று, இப்போது எது சிக்கல், உங்களிடம் என்ன வேண்டும். இது இல்லாவிட்டால் சந்திப்பு 'எப்படிப் போகிறது?', 'நன்றாகப் போகிறது சார்' என்று மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் அடுத்த முறைக்குள் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையை மாணவரே எழுதட்டும். 'நன்றாகப் படிப்பேன்' என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். 'புதன்தோறும் ஒரு கேஸை எழுதி வார்டு பிஜியிடம் காட்டுவேன்' என்பதுதான் வேலை.

மூன்று பொறிகள். ஒன்று, மென்டாரே மருத்துவராவது. தூக்கம் வரவில்லை என்று மாணவர் சொன்னால் மாத்திரை எழுதித் தராதீர்கள். மாணவர் நல ஆலோசகரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள், தேவைப்பட்டால் அங்கேயே உட்கார்ந்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுங்கள். தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே உரியவரிடம் சேர்க்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது.

இரண்டு, மாணவரை உங்கள் நகலாக்குவது. மருத்துவத் துறை மென்டாரிடம் போகும் மாணவர் 'எனக்கு நோய்க்கூறியல் பிடித்திருக்கிறது' என்று சொல்லத் தயங்குவார். அந்தத் துறையில் ஒருவரிடம் நீங்களே அனுப்பி வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மென்டார் என்பது நடைமுறைக்கு ஒத்துவராது. படிப்புக்கு ஒருவர், ஆய்வுக்கு ஒருவர், துறை தேர்வுக்கு ஒருவர் இருக்கலாம்.

மூன்று, ஆய்வு மென்டாரிங்கில் பெயர் வரிசைச் சண்டை. முதல் நாளே எழுதி வையுங்கள்: யார் என்ன செய்வார், யார் முதல் ஆசிரியர், பாதியில் விலகினால் என்ன. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: வடிவமைப்பிலோ தரவு திரட்டலிலோ அலசலிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது அறிவார்ந்த முறையில் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் பொறுப்பேற்பு. நான்கும் இருந்தால்தான் பெயர். துறைத் தலைவர் என்பதற்காக ஒரு பெயர் சேராது, மாணவர் என்பதற்காக ஒரு பெயர் போகவும் கூடாது.

மாணவர் ஆய்வு பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமில்லை, தலைப்பு பெரிது. விடுமுறையில் எட்டு வாரம்தான் இருக்கிறது என்றால் புது நோயாளிகளைச் சேர்த்துப் பின்தொடரும் ஆய்வு முடியாது. நெறிமுறைக் குழு அனுமதிக்கே பாதி நாள் போய்விடும். பழைய பதிவேடு ஆய்வு, மருத்துவத் தணிக்கை, சிறிய கேள்வித்தாள் ஆய்வு, இவற்றில் ஒன்று. அனுமதிக்கு விடுமுறை தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

வார்டுக்காரர்:

மென்டார்மேசை சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். தன் மென்டி, அதாவது தான் வழிகாட்டும் மாணவர், எழுதும் தேர்வில் தேர்வாளராக உட்காரக் கூடாது. பலவீனத்தை உங்களிடம் கொட்டியவர், அடுத்த மாதம் அதே பலவீனத்துக்கு உங்களிடம் மதிப்பெண் வாங்குவதா?

மென்டார்மேசை:

பெரிய துறைக்குச் சரி. ஐந்தே ஆசிரியர் இருக்கும் துறையில் இதை அப்படியே செய்ய முடியாது. அங்கே செய்யக்கூடியது, மென்டாரை வேறு துறையிலிருந்து போடுவது. மருத்துவத் துறை ஆள் மூன்றாம் ஆண்டு மாணவரை எடுக்காமல், முதலாண்டு உடலியல் படிக்கும் மாணவரை எடுக்கலாம். அவர்கள் உங்கள் துறைக்கு வரும் வருடம் வேறொருவர் பொறுப்பேற்கட்டும். அதுவும் முடியாவிட்டால் உறவு இருப்பதைத் தேர்வுப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஸ்டேஷனை மாற்றிக் கேளுங்கள்.

ஏட்டுக்கணக்கு:

பதவி உயர்வுக் கேள்வியை யாரும் தொடவில்லை. கற்பித்தலுக்குக் கணக்கு உண்டு, ஆனால் அதை அன்றன்றைக்கு எழுதி வைத்தால்தான். ஐந்து வருடம் கழித்து உட்கார்ந்து நினைவுகூர முடியாது.

ஒரு எக்செல் தாள் திறந்து இந்த நெடுவரிசைகள் போடுங்கள்: தேதி, என்ன வகை, எந்த நிலை மாணவர், எத்தனை பேர், எத்தனை மணி நேரம், நீங்கள் புதிதாக உருவாக்கியதா அல்லது இருந்ததை எடுத்தீர்களா, சான்று எங்கே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பத்து நிமிடம். 'புதிதாக உருவாக்கியதா' என்ற நெடுவரிசைதான் தேர்வுக் குழுவின் கண்ணில் படும். ஒரே லெக்சரை 40 தடவை எடுத்ததைவிட, மற்ற துறைகளும் எடுத்துப் பயன்படுத்தும் ஓர் ஆஸ்கி ஸ்டேஷன் தொகுப்பு எடை கூடியது.

சான்று மூன்று திசையிலிருந்து வர வேண்டும். மாணவர் ஃபீட்பேக்: எத்தனை பேரில் எத்தனை பேர் நிரப்பினார்கள் என்பதைக் கூடவே எழுதுங்கள். 60-இல் எட்டுப் பேர் தந்த 4.8 சராசரிக்கு மதிப்பில்லை. வகுப்பு முடிந்த அதே நிமிடத்தில், மூன்றே கேள்வியோடு கேட்டால் நிறையப் பேர் நிரப்புவார்கள். இரண்டாவது, சக ஆசிரியர் ஒருவர் வந்து பார்த்து எழுதும் குறிப்பு. பார்க்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து 'நான் கேள்வி கேட்கும் விதத்தை மட்டும் கவனியுங்கள்' என்று சொல்லுங்கள். எதையும் சொல்லாமல் அழைத்தால் ஸ்லைடு எழுத்து சிறிதாக இருக்கிறது என்றுதான் எழுதித் தருவார்கள். இதற்குச் செலவு வருடம் இரண்டு மணி நேரம், நான் பார்த்த வகையில் இவ்வளவு மலிவான சான்று வேறில்லை. மூன்றாவது, மாணவரின் செயல்திறனில் வந்த மாற்றம், அதாவது வகுப்புக்கு முன்னும் பின்னும் அதே திறமையை அளந்தது.

மென்டாரிங்குக்கு எண்ணிக்கை மட்டும் போதாது. மென்டி பிறகு என்ன செய்தார் என்று ஒரு வரி: மாநாட்டில் கட்டுரை வாசித்தார், தவறிய பாடத்தில் தேறினார், முதல் ஆசிரியராகக் கட்டுரை வெளியிட்டார். தனிப்பட்ட சிக்கலுக்காக வந்தவர்களைப் பெயரில்லாமல், எண்ணிக்கையாக மட்டும் எழுதுங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-இல், கற்பித்தலும் புலமைதான், கண்டுபிடிப்பு மட்டுமல்ல என்று வாதிட்டார். அதையொட்டி 1997-இல் சார்ல்ஸ் கிளாசிக் என்பவரின் குழு ஆறு அளவுகோல் வைத்தது: தெளிவான இலக்கு, போதிய தயாரிப்பு, பொருத்தமான முறை, குறிப்பிடத்தக்க விளைவு, நன்றாக எடுத்துரைத்தல், தன் வேலையைத் தானே விமர்சித்தல். நீங்கள் செய்யும் எந்தக் கற்பித்தல் வேலையையும் இந்த ஆறு தலைப்பில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ஆறும் நிரம்பினால் அது மருத்துவக் கல்வி இதழுக்கு அனுப்பும் கட்டுரையாகவே மாறும். பெரும்பாலும் நான்காவதுதான் காலியாகக் கிடக்கும், ஏனென்றால் தொடங்கும் முன் எதையும் அளந்திருக்க மாட்டோம்.

புதுவாத்தியார்:

மிகவும் உதவியாக இருந்தது. கடைசியாக ஒன்று: கேள்வித்தாள் சொன்ன தேர்வு அலசலையே கட்டுரையாக்கலாமா? மாணவர் மதிப்பெண்தானே, ஏற்கெனவே கையில் இருப்பது. அதற்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டுமா?

ஏட்டுக்கணக்கு:

துறைக்குள் கேள்வியைத் திருத்த மட்டும் என்றால் பெரும்பாலும் வேண்டாம், அது வழக்கமான தர மேம்பாடு. வெளியிடும் எண்ணம் இருந்தால் விண்ணப்பியுங்கள். பெயரும் பதிவெண்ணும் நீக்கிய தரவு என்றால் பல குழுக்கள் விலக்கு அளித்துவிடும், ஆனால் அந்த விலக்கைத் தர வேண்டியது குழு, நீங்களே எடுத்துக்கொள்ளக் கூடாது. முடிந்த பிறகு அனுமதி தர மாட்டார்கள், கடிதம் இல்லாவிட்டால் இதழும் திருப்பி அனுப்பும்.

புதிதாக ஒரு முறையைச் சோதிக்கிறீர்கள், மாணவர்களைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிறீர்கள் என்றால் அனுமதி கட்டாயம். அப்போது சம்மதப் படிவத்தை நீங்களே கொண்டுபோய் நீட்டாதீர்கள். மதிப்பெண் போடும் கையே நீட்டினால் மாணவர் மறுக்க மாட்டார். துறையில் இல்லாத ஒருவர், அலுவலக ஊழியராக இருந்தாலும் சரி, வாங்கி உறையிலிட்டு, இறுதி மதிப்பெண் வெளியான பிறகு உங்களிடம் தரட்டும். யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்பது அதுவரை உங்களுக்குத் தெரியக் கூடாது. விண்ணப்பத்தில் இந்த ஏற்பாட்டை எழுதிவிட்டால் குழு கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்கும். சேர மறுத்தவர்களுக்கும், பழைய முறையில் படித்த பாதிக்கும் அதே வகுப்பைப் பிறகு எடுத்துத் தருவதற்கான தேதியையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.